நிற்காத மெஷின்

என் உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னை "இன்னும் படிச்சிட்டே இருக்கற புள்ள" என்றுதான் அறிமுகம் செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்கள் வயலில் எத்தனையோ முறை நெல் அறுத்தாகிவிட்டது. என் ஆய்வேடு இன்னும் பால்கூடப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூர்க் கல்லூரியில் நான் எடுத்திருக்கும் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்: மெய்நிகர் உலகங்களும் மாறிவரும் பணியிடத் தொழில்நுட்பங்களும். அப்பா ஒரே ஒரு முறை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "ஏங் கண்ணு, இது எந்தூர்ல இருக்கற ஒலகம்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் மோட்டார் போடப் போய்விட்டார்.

முதல் வருடம் அந்த உலகத்தின்மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. கண்ணில் ஹெட்செட்டை மாட்டினால் பனிமலை, கடலடி, செவ்வாய்க் கிரகம். இப்போது மாட்டினால் தலை சுற்றுகிறது, கழற்றினால் கழுத்து வலிக்கிறது. எங்கே போனாலும் வேலை ஒன்றுதான். யாரையாவது அதை மாட்டச் சொல்ல வேண்டும், எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். யாராவது "நல்லா இருக்கியா?" என்று கேட்டால்கூட மூன்று என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவ்வளவு சலிப்பு.

அந்தச் சலிப்போடுதான் கம்பம், குமுளி வழியாக மலை ஏறி, பீர்மேட்டுக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் போய் இறங்கினேன். அந்த எஸ்டேட்டின் பாக்டரியில் பச்சை இலையை நசுக்கிக் கிழித்து உருட்டும் சி.டி.சி. மெஷினுக்குச் சில ஆட்களை ஸ்திரமாக எடுக்கப்போகிறார்கள். நிரந்தர வேலைக்கு அங்கே ஸ்திரம் என்றுதான் பேர். யாரை எடுப்பது என்பதை மேஸ்திரியோ மேனேஜரோ முடிவு செய்யப்போவதில்லை. ஹெட்செட்டுக்குள் ஒரு பாக்டரி செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய் வேலை செய்து காட்ட வேண்டும். சாகாமல் வெளியே வருகிறவர்களுக்கு வேலை. இரண்டு வாய்ப்பு உண்டு. இதைக் கேட்டதும் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "இதுதாம்மா உன் கடைசி அத்தியாயம், விட்டுடாதே" என்றார்.

கெஸ்ட் ஹவுஸ் அறைகளை டூரிஸ்ட்டுகளுக்குக் கொடுத்துவிட்டதால் என்னை முத்துப்பேச்சியம்மாள் வீட்டில் தங்கச் சொன்னார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன மனுஷி. இந்த மாதத்தோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். மகள் ஆனந்தி பாக்டரியில் டெம்பரவரி. ஆனந்தியின் அப்பா இறந்து வெகுநாளாகிறது. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது ஸ்திர வேலையில் இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். ஆனந்திக்கு வேலை ஸ்திரமானால் வீடு நிற்கும். ஆகாவிட்டால் சாமான்களை ஜீப்பில் ஏற்ற வேண்டியதுதான். எங்கே இறக்குவது என்பது யாருக்கும் தெரியாது. தென்காசிப் பக்கம் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்வார்கள். அங்கே அவர்களுக்கு ஓர் ஓடுகூடக் கிடையாது.

"எல்லாம் இவ கையிலதாம்மா இருக்கு" என்றார் முத்துப்பேச்சியம்மாள், வந்த அன்றே. ஆனந்தி சிரித்துக்கொண்டே, "கையில இல்லம்மா, மூஞ்சியில இருக்கு" என்றாள். ஹெட்செட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மூஞ்சிப்பெட்டி.

தேர்வை நடத்த ஒரு கம்பெனியிலிருந்து கோபிநாத் என்பவர் வந்திருந்தார். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், எங்கள் பக்கத்து ஆள். பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி ஊருக்குப் போன மாதிரி இருந்தது. பாவம், என்னைவிடக் களைத்த ஜீவன். அவருடைய மேலதிகாரிகள் கூட்டங்களைக்கூட மெய்நிகர் அறையில்தான் நடத்துவார்கள். எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது டீக்கடை வளைவில் மட்டும். ஜீப்பை அங்கே ஓரங்கட்டி, மூஞ்சிப்பெட்டியை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத பள்ளத்தாக்கைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். கொழுந்துக் கூடையோடு போகும் பெண்கள் நின்று பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

"உள்ள என்னோட பொம்ம எப்பவுமே சிரிச்சுட்டேதான் இருக்குமுங்க" என்று ஒருநாள் சொன்னார். "நான் கொட்டாவி விட்டாலும் அது சிரிக்கும். அதைப் பாத்துட்டு, கோபி நல்லா உற்சாகமா இருக்காப்லன்னு எழுதிக்கறாங்க."

தேர்வு எஸ்டேட் கிளப்பில் நடந்தது. கேரம் போர்டைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் இடம் விட்டிருந்தார்கள். பயந்து நின்றவர்களுக்குத் தைரியம் சொல்ல, ஏற்கெனவே ஸ்திரமாகிவிட்ட பிலோமி முதலில் மாட்டிப் பார்த்தாள். அவள் உள்ளே பார்ப்பது வெளியே ஒரு திரையிலும் தெரியும். சுத்தமான பாக்டரி. தரையில் ஒரு இலை இல்லை, சுவரில் கரி இல்லை, பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இல்லை. நடுவில் சி.டி.சி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிலோமி கிட்டே போனாள். வலது கையை நீட்டினாள். திரை சிவந்தது. ஒரு பெண்குரல் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னது: "விபத்து நேர்ந்துவிட்டது. நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிலோமி பெட்டியைக் கழற்றிவிட்டு, "எனக்குப் பூசை வைக்க பாதிரியாரைக் கூப்பிடுங்கப்பா" என்றாள். அவளுக்கு வேலை இருக்கிறது, சிரிக்கலாம்.

அதன்பின் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே இடத்தில் செத்தார்கள். போனார்கள், கை நீட்டினார்கள், சிவந்தது. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடுத்து ஆனந்தி மாட்டினாள். அவள் மெஷின் முன்னால் நின்றாள். கை மேலே வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம்" என்று வாய்வரை வந்துவிட்டது. சிவந்தது.

பெட்டியைக் கழற்றியதும் அவள் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. வெளியே இழுத்துக்கொண்டு போய், "ஏன் ஆனந்தி கைய நீட்டுனே?" என்று கேட்டேன்.

"நான் எங்கக்கா நீட்டினேன்?" என்றாள். "சும்மாதானே நின்னேன்."

அவள் பொய் சொல்லவில்லை. நீட்டியது அவளுக்கே தெரியவில்லை. கோபிநாத் தன் மடிக்கணினியில் 'தொழிலாளர்களிடம் பாதுகாப்பு உணர்வு மிகக் குறைவு' என்று ஒரு வரி தட்டினார். அடுத்த வாய்ப்பு வெள்ளிக்கிழமை என்று அறிவித்துவிட்டுப் பெட்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஆனந்தியோடு நிஜப் பாக்டரிக்குப் போனேன். ஷிப்டு தொடங்கும் நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. பிலோமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சி.டி.சி. மெஷினிடம் வந்தாள். அதன் இரும்புச் சட்டத்தை விரல்களால் தொட்டாள், சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு ஸ்விட்சைப் போட்டாள். அடுத்த மெஷினில் ஒருத்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சல்லடைப் பக்கம் வேலை செய்யும் ஆனந்தியும் சல்லடையின் விளிம்பைத் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். சுடிதார் துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல, நினைவே இல்லாமல்.

எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதைக் கண்டுபிடிக்க மலை ஏறி வரவேண்டுமா? எங்கள் அப்பா தினமும் மோட்டார்ப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார். பாலக்காட்டு பஸ்ஸில் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடாமல் வண்டி கிளம்பி நான் பார்த்ததில்லை. யாரும் ஓடுகிற மெஷினைத் தொடுவதில்லை. ஓட்டுவதற்கு முன்னால் தொடுகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் மெஷின் நிற்பதே இல்லை. நீங்கள் போகும்போதே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வந்த பிறகும் ஓடும். அந்த உலகத்தைச் செய்தவர்களுக்கு வேலை என்றால் நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறுவது. வேலைக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பது அவர்கள் யோசனையில் வரவே இல்லை.

நேராகக் கோபிநாத்திடம் போனேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சாவியைத் திருகப்போனார்.

"ஏனுங்க, இப்ப என்னுங்க பண்ணுனீங்க?" என்றேன்.

"எங்க?"

"இப்பத்தானுங்க. கையில."

அவர் தன் கையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"நீங்க சொல்றது செரிதானுங்க. ஆனா ஓடற மெஷின்ல கை வெச்சா நெசமாவே கை போயிருமுங்க. புரோகிராம் சொல்றதுலயும் தப்பில்லீங்களே."

"அவுங்க ஓடறப்ப வெக்கறதில்லீங்க. ஆரம்பத்துல ஒரு நிமிசம் மெஷினை நிறுத்தி வெச்சா முடிஞ்சுது. அவுங்க தொட்டுட்டுப் போட்டுக்குவாங்க."

"நான் எழுதிப் போடறேனுங்க. அடுத்த வெர்ஷன்ல வரும்."

"அது எப்ப வருமுங்க?"

"வருசம் ஆகுமுங்க. வளைவுல சிக்னல் கெடச்சதுமே மார்க்கெல்லாம் நேரா சர்வருக்குப் போயிருது, என்ற கையில ஒண்ணுமில்ல." சாவியை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க. கைய நீட்டாம இருந்தாப் போதும், பாஸ். மத்ததெல்லாம் சுளுவு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? அவர்மேல் கோபப்படுவது பஸ் லேட்டானதற்குக் கண்டக்டரைத் திட்டுவதுபோல. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு டீக்கடை வளைவுக்குப் போனார், அங்கே சிரிக்க.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் முத்துப்பேச்சியம்மாள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "இம்புட்டுத்தானா?" என்றார். மாவு அரைக்கும் கிரைண்டரைக் கூடத்துக்கு நகர்த்தினார். அதைப் போட்டுவிட்டு மகளை முன்னால் நிறுத்தினார். கையில் தோசைக் கரண்டி.

"நட."

ஆனந்தி நடந்தாள். கிரைண்டர் முன்னால் போனதும் கை தானாக எழுந்தது. கரண்டி மணிக்கட்டில் விழுந்தது.

"ஏட்டி, ஓடுறது தெரியலையா? திரும்ப நட."

நான் ஓரமாக உட்கார்ந்து தேர்வின் படிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். இலையைக் கொட்டு, உருளைகளின் இடைவெளியைப் பார், சிவப்புப் பொத்தான் எங்கே என்று காட்டு. அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். அந்த முதல் நொடியில் மட்டும் கை எழுந்தது, கரண்டி விழுந்தது. சும்மா கிரைண்டரை ஓட விட்டுப் பார்த்தார்கள், மிக்ஸியை ஓட விட்டுப் பார்த்தார்கள். அடுத்த நாளும் அதுவே. மணிக்கட்டு வீங்கிச் சிவந்துவிட்டது. நான் எழுந்து, "போதுமுங்கம்மா, விடுங்க" என்றேன்.

முத்துப்பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சின்னதுல இவ தொட்டுக் கும்பிடாம கூடைய எடுத்தான்னு இதே கையில நாந்தாம்மா அடிச்சேன். கும்பிடப் பழக்கினேன். இப்பம் கும்பிடாதன்னு அடிக்கேன். எனக்கு மட்டும் வலிக்காதா? வீடு வேணும்லா?" என்றார். ஆனந்தி கிரைண்டர் முன்னால் போய் மறுபடி நின்றாள். அன்று முடிவதற்குள் கை எழுவது நின்றுவிட்டது. முத்துப்பேச்சியம்மாள் கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு, அவள் மணிக்கட்டில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் ஆனந்தி பெட்டியை மாட்டினாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கிட்டே போய் நின்றாள். வலது கை தொடையோடு ஒட்டி நின்றது, விரல்கள் மட்டும் துடித்தன. பிறகு இலையைக் கொட்டினாள், இடைவெளியைப் பார்த்தாள், சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். திரை பச்சையானது. "வாழ்த்துகள். நீங்கள் பாதுகாப்பாகப் பணியாற்றினீர்கள்" என்றது அந்தப் பெண்குரல். கோபிநாத் எழுந்து நின்று கைதட்டினார். நிஜமான சிரிப்பு சிரித்தார். முத்துப்பேச்சியம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும். கோபிநாத்தும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆர்டர் வந்துவிட்டது. வீடு நின்றது. நான் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிவிட்டு, பஸ் நேரம் கேட்க டீக்கடை வளைவுக்குப் போனபோது பேராசிரியர் போனில் கூப்பிட்டார்.

"தேர்வு முடிஞ்சா முடிஞ்சுதுன்னு வந்துடாதேம்மா. பெட்டிக்குள்ள கத்துக்கிட்டது நிஜ மெஷின் முன்னாடியும் நிக்குதா? அதுதானே கேள்வியே. முதல் நாள் கூடவே இருந்து பார். நின்னா, உன் ஆய்வேடு முடிஞ்ச மாதிரி."

சரி என்றேன். சரி என்று சொல்லிச் சொல்லியே இந்தப் படிப்பில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஆனந்தி சி.டி.சி. மெஷினுக்குப் போன முதல் காலை. புது ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி, வைத்திருந்த கனகாம்பரத்தை மேஸ்திரி எடுக்கச் சொல்லிவிட்டார். மெஷின்கள் நின்றிருந்தன. பிலோமி தன் மெஷினைத் தொட்டு, சிலுவை போட்டு, ஸ்விட்சைப் போட்டாள். ஒவ்வொருத்தியாகத் தொட்டார்கள், போட்டார்கள். ஆனந்தி தன் மெஷின் முன்னால் நின்றாள்.

கை எழவில்லை.

"ஏ, என்ன பாத்துட்டு நிக்கே? தொட்டுட்டுப் போடு. இதுதான் உனக்கு இனிமே சோறு போடப்போவுது" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள் பிலோமி.

ஆனந்தி கையைத் தூக்கப் பார்த்தாள். இடுப்புவரை வந்தது, நின்றது. மறுபடி தூக்கினாள், மறுபடி நின்றது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மெஷின் பக்கம் தள்ளினாள். இரும்புக்கு ஒரு சாண் இருக்கும்போது கொதிக்கும் எண்ணெய் தெறித்தவள்போல் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். நின்றிருக்கும் மெஷின். ஸ்விட்சுகூடப் போடவில்லை. அவள் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனேன்.

"முடியலக்கா" என்றாள். "நின்னுதான் கிடக்குன்னு தெரியுது. கை கேக்க மாட்டேங்கு. கண்ணுக்குள்ள செவப்பா வருது."

"பரவால்ல ஆனந்தி. தொடாமலே போடு. ஒண்ணும் ஆகாது."

"தொடாம எப்படிக்கா போடுறது?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மொத நாளு. யாருமே தொடாம போட்டதில்ல. எனக்குப் பயமா இருக்கு." மேஸ்திரி தூரத்திலிருந்து கையை ஆட்டி என்ன என்று கேட்டார். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக நீங்க ஒருக்க தொடுங்களேன்க்கா."

நான் மெஷினின் சட்டத்தைத் தொட்டேன். குளிர்ந்த இரும்பு, நேற்றைய இலைச்சாறு காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. விரல்களை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அவள் கண்களை மூடியிருந்தாள். இரண்டு இமைகளின்மேலும் ஒற்றினேன். ஈரமாக இருந்தன. அவள் கண்ணைத் திறந்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, ஸ்விட்சைப் போட்டாள். அதன்பின் நான் கிளம்பும்வரை ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தாள்.

நாளைக்கு யார் தொடுவார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. என் பஸ் மூன்று மணிக்கு.

குமுளி தாண்டிச் சிக்னல் கிடைத்ததும் பேராசிரியருக்கு எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, உண்மையும் அதுதான். பயிற்சியில் பழகியது நிஜ மெஷின் முன்னாலும் அப்படியே நிற்கிறது, பழைய பழக்கம் முழுதாகப் போய்விட்டது, பயிற்சி வெற்றி என்று எழுதி அனுப்பினேன். அவரிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது.